பாலைவனத்துக்கு நடுவே மலைக்காடு: கொரோனாடோவில் ஆர்வியோடும் கூடாரத்தோடும் தங்குவது எப்படி

அமெரிக்காவில், அரிசோனாவின் தென்கிழக்கு மூலையில் பாலைவனம் தட்டையாகக் கிடக்கும்; அதன் நடுநடுவே மலைகள் தனித்தனியாக எழுந்து நிற்கும். கீழே சாகுவாரோ கள்ளி, மேலே பைன் மரமும் ஃபிர் மரமும். கடலில் தீவு போல நிற்பதால் இவற்றை ‘ஸ்கை ஐலண்ட்’ என்பார்கள். இந்த மலைகளில் பெரும்பகுதி கொரோனாடோ தேசியக் காட்டுக்குள் வருகிறது. டூசான் நகரம் ஏறத்தாழ 2,400 அடி உயரத்தில் இருக்கிறது. அதன் தலைமாட்டில் இருக்கும் மவுண்ட் லெமனின் உச்சி 9,157 அடி. கிழக்கே மவுண்ட் கிரஹாம் பத்தாயிரம் அடியைத் தாண்டிவிடும்.

இங்கே ஆர்வியிலோ (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) கூடாரத்திலோ தங்கத் திட்டம் போடும்போது முகாம்தளத்தின் பெயரைவிட அதன் உயரத்தை முதலில் பாருங்கள். 1,000 அடி ஏறினால் சுமார் 2 முதல் 3 டிகிரி செல்சியஸ் குறையும். ஜூன் மாதப் பகலில் டூசானில் 39 டிகிரி கொளுத்தும்போது 8,000 அடியில் 26 டிகிரிதான் இருக்கும். அதே 8,000 அடியில் ஏப்ரல் மாத இரவில் தண்ணீர் உறைந்துவிடும். எந்த மாதம் எங்கே தங்கலாம், பேட்டரி எத்தனை நாள் தாங்கும், சாதம் வேகுமா என்பது வரை எல்லாமே இந்த உயரக் கணக்கில் அடங்கிவிடும்.

எந்த மாதம், எந்த உயரம்

நவம்பர் முதல் மார்ச் வரை 3,500 முதல் 5,500 அடி. மே, ஜூனில் 7,000 அடிக்கு மேல். இடைப்பட்ட மாதங்களில் நடுத்தர உயரம். காட்டுத் துறையும் இதே கணக்கில்தான் தளங்களைத் திறந்து மூடுகிறது. மவுண்ட் லெமன் சாலையில் சுமார் 4,400 அடியில் இருக்கும் மொலீனோ பேசின் குளிர்காலத் தளம், கோடையில் பூட்டிவிடுவார்கள். 7,000 அடியில் இருக்கும் ரோஸ் கேன்யன், 8,000 அடியில் இருக்கும் ஸ்பென்சர் கேன்யன் இரண்டும் கோடைத் தளங்கள், பனிக்காலத்தில் கிடையாது. மவுண்ட் கிரஹாமுக்கு ஏறும் ஸ்விஃப்ட் டிரெயில் சாலையின் மேல் பகுதிக்கு நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை கேட் போட்டுவிடுவார்கள்.

ஜூலை, ஆகஸ்ட் தனி ரகம். மெக்சிகோ பக்கமிருந்து ஈரக்காற்று வந்து மதியத்துக்கு மேல் இடியும் மழையும் பிடிக்கும். வானிலைத் துறை ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை மான்சூன் என்று கணக்கு வைத்திருக்கிறது. காலை ஏழு மணிக்கு வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது. மலையுச்சி நடையெல்லாம் பகல் பன்னிரண்டுக்குள் முடிந்து, நீங்கள் கீழே இறங்கியிருக்க வேண்டும்.

வண்டியின் நீளம்

மவுண்ட் லெமன் தளங்களில் வண்டியின் நீள வரம்பு 22 அடி. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். டிரெய்லரின் மாடல் பெயரில் 22 என்று இருந்தால் அது பெரும்பாலும் உள்கூட்டின் நீளம். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இணைப்பு நாக்கையும் பின் பம்பரையும் சேர்த்தால் 25 அடி வந்துவிடும். டேப்பை எடுத்து நுனி முதல் நுனி வரை அளந்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள். தளத்துக்குள் இருக்கும் வளைவுகள் குறுகலானவை. உள்ளே போய் மாட்டிக்கொண்டால் பின்னால் எடுத்துத்தான் வெளியே வர வேண்டும், அதுவும் பின்னால் நாலு வண்டி காத்திருக்கும்போது.

30 அடி மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்கள் மலை மேல் தங்கும் ஆசையை விட்டுவிடுவது நல்லது. டூசானுக்கு வடக்கே கட்டலீனா மாநிலப் பூங்கா, தெற்கே படகோனியா ஏரி, பென்சன் பக்கம் கார்ட்ச்னர் குகை ஆகிய மூன்று மாநிலப் பூங்காக்களிலும் மின் இணைப்போடு இடம் உண்டு. வண்டியை அங்கே நிறுத்திவிட்டுக் காரில் மலையேறலாம். காட்டுத் துறைத் தளங்களில் மின்சாரமோ கழிவு இணைப்போ எதிர்பார்க்காதீர்கள். சிரிகாஹுவா மலையின் ரஸ்ட்லர் பார்க் மாதிரி இடங்களுக்கு மண்சாலைதான். மழைக்குப் பிறகு அந்தச் சாலை வழுக்கும். டிரெய்லரோடு போகவே வேண்டாம்.

முன்பதிவு ரெக்ரியேஷன்.கவ் தளத்தில். சில இடங்கள் முந்தியவருக்கே. அப்படிப்பட்ட இடத்துக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனால் திரும்பி வர வேண்டியதுதான். வியாழன் மதியம் போங்கள்.

தளமே வேண்டாம், காட்டுக்குள் ஒதுக்குப்புறமாகத் தங்கலாம் என்றால் அதற்கும் அனுமதி உண்டு. 14 நாள் வரம்பு. எந்தச் சாலையில் வண்டி போகலாம் என்பதற்குக் காட்டுத் துறையே ஒவ்வொரு வட்டாரத்துக்கும் வரைபடம் போடுகிறது. கைபேசியில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மேலே சிக்னலை நம்ப முடியாது. ஏற்கெனவே வண்டி நின்று தரை இறுகிப்போன இடத்திலேயே நிறுத்துங்கள். அரிசோனாவில் இன்னொரு சட்டமும் இருக்கிறது: காட்டு விலங்கும் மாடும் தண்ணீர் குடிக்கும் குட்டை அதுவொன்றுதான் என்றால், அதற்குக் கால் மைல் தூரத்துக்குள் முகாம் போடக் கூடாது. ஆள் அங்கே இருந்தால் விலங்கு தண்ணீருக்கு வராது. சுற்றுவட்டாரத்தில் அதற்கு வேறு தண்ணீரும் இருக்காது.

காட்டின் தெற்கு எல்லை மெக்சிகோவை ஒட்டியது. அங்கிருந்து வடக்கே வரும் சாலைகளில் எல்லைக் காவல் படை சோதனைச் சாவடி வைத்திருக்கும். விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள் அசல் ஆவணத்தை வீட்டுப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு வரக் கூடாது. அவர்களில் பதினெட்டு வயது நிரம்பியவர்கள் அதைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

ஏறுவதற்கு முன்

பெட்ரோல், புரொப்பேன், தண்ணீர் மூன்றையும் டூசானிலேயே நிரப்பிவிடுங்கள். மவுண்ட் லெமன் சாலையில் பெட்ரோல் பங்க் கிடையாது. டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் அது தயாரான வாரமும் ஆண்டும்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். டிரெய்லர் டயர் தேய்வதற்கு முன்பே வெயிலில் நின்று நின்று வெடிப்பு விடும். ஆறு வயது தாண்டிய டயரோடு 40 டிகிரித் தார்ச்சாலையில் ஓடுவது வம்பை விலைக்கு வாங்குவது. காற்றழுத்தத்தைக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடித்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் டயர் இன்னும் சூடாகும்.

டிரெய்லரின் பாதுகாப்புச் சங்கிலி தரையில் உரசுகிறதா என்று குனிந்து பாருங்கள். உரசினால் தீப்பொறி பறக்கும். சாலையோரப் புல் பற்றிக்கொள்ள அது போதும். சங்கிலியை ஒரு முறுக்கு முறுக்கி மாட்டினால் நீளம் குறையும்.

ஏறும்போது எஞ்சின் வெப்ப முள்ளின் மேல் ஒரு கண் இருக்கட்டும். முள் ஏறத் தொடங்கியதும் முதலில் ஏசியை அணையுங்கள். இன்னும் ஏறினால் ஹீட்டரை முழு வேகத்தில் போட்டுக் கண்ணாடியை இறக்குங்கள். எஞ்சின் சூட்டில் ஒரு பகுதி உள்ளே வந்துவிடும். வியர்த்து வடியும், ஆனால் எஞ்சின் பிழைக்கும். இந்தச் சாலையில் சைக்கிள்காரர்கள் ஏராளம். குறைந்தது 3 அடி இடைவெளி விட்டுத் தாண்ட வேண்டும் என்பது அரிசோனா சட்டம். இடைவெளி கிடைக்கும் வரை பின்னாலேயே வாருங்கள். உங்களுக்குப் பின்னால் வண்டிகள் சேர்ந்தால் ஒதுங்கும் இடத்தில் ஒதுங்கி வழிவிடுங்கள்.

மேலே போய்ச் சேர்ந்ததும் ஷாம்பூ, சன்ஸ்கிரீன் பாட்டில்களைத் தொட்டிக்கு மேல் பிடித்துக்கொண்டு திறங்கள். கீழே அடைத்த காற்று உள்ளேயே இருப்பதால் பீச்சியடிக்கும்.

தண்ணீர்க் கணக்கு

நான்கு பேருக்குக் குடிக்க மட்டும் ஒரு நாளைக்கு 16 லிட்டர். வறண்ட காற்றில் வியர்ப்பதே தெரியாது. உதடு வெடித்த பிறகுதான் தெரியும். சமையலுக்கும் பாத்திரத்துக்கும் 10 லிட்டர், கை கால் கழுவவும் கழிப்பறைக்கும் 14 லிட்டர் வையுங்கள். ஆக நாளுக்கு 40 லிட்டர், குளியல் சேர்க்காமல். மூன்று நாளுக்கு 120, கையிருப்பாக 30 சேர்த்தால் 150 லிட்டர். இது சரியாக 40 கேலன் தொட்டி. எடை 150 கிலோ. வண்டியின் சுமைக் கணக்கில் இதைச் சேர்க்க மறந்துவிடாதீர்கள்.

மொலீனோ பேசினில் தண்ணீர் இல்லை. ரோஸ் கேன்யனில் பருவத்தில் குழாய் உண்டு. ஆனால் காட்டுத் தளக் குழாய்கள் பலவற்றில் ஹோஸ் மாட்ட மரை இருக்காது. 20 லிட்டர் கேன் இரண்டும் ஒரு புனலும் வைத்துக்கொண்டால் பிரச்சினை இல்லை. ஓடைத் தண்ணீரைக் குடிப்பதானால் கொதிக்க வைத்தே ஆக வேண்டும்: கீழே ஒரு நிமிடம் போதும், 6,500 அடிக்கு மேலே மூன்று நிமிடம்.

கழிவுநீர்த் தொட்டி நல்ல தண்ணீர்த் தொட்டியைவிடச் சின்னதாக இருக்கும் வண்டிகள் நிறைய. பாத்திரமும் கையும் கழுவிய தண்ணீர் சேரும் 30 கேலன் சாம்பல்நீர்த் தொட்டி நிரம்பிவிட்டால் குளியலறைத் தரை வழியாகத் தண்ணீர் மேலே வரும். தரையில் திறந்துவிட அனுமதியில்லை. அதனால் பாத்திரத்தை முதலில் துணியால் துடைத்துவிட்டு, ஒரு பேசினில் கழுவுங்கள். கூடாரக்காரர்கள் கழிப்பறை இல்லாத இடத்தில் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம் குழி தோண்டி மூட வேண்டும். ஓடைக்கும் குழிக்கும் 60 மீட்டராவது தூரம் வேண்டும். தாளைக் கையோடு எடுத்துவந்துவிடுங்கள். வறண்ட மண்ணில் அது மக்காது.

ஃபிரிட்ஜ், ஹீட்டர், பேட்டரி

கேஸில் ஓடும் உறிஞ்சல் வகை ஃபிரிட்ஜில் கம்ப்ரசர் கிடையாது. உள்ளே அம்மோனியா தன் எடையால் வழிந்து இறங்க வேண்டும். வண்டி சாய்ந்து நின்றால் திரவம் ஓரிடத்தில் தேங்கி, சூட்டில் குழாய் அடைத்துப்போகும். ஃபிரிட்ஜே போய்விடும். அதனால் நிறுத்தியதும் நீர்மட்டம் வைத்துப் பாருங்கள். பக்கவாட்டுச் சாய்வுக்கு டயருக்கு அடியில் பலகை கொடுங்கள். டிரெய்லர் என்றால் முன் பின் சாய்வை முன் ஜாக்கில் சரிசெய்யலாம். நான்கு மூலையிலும் இருக்கும் ஊன்றுகோல் வண்டி ஆடாமல் இருக்கத்தான். அதைக் கொண்டு வண்டியைத் தூக்கினால் சட்டம் வளையும்.

5,500 அடிக்கு மேலே அதே ஃபிரிட்ஜின் சுடர் ஆக்சிஜன் குறைவால் அணையக்கூடும். வெளிப்பக்க மூடியைத் திறந்து பார்த்தால், ஒழுங்காக எரியும்போது சுடர் நீலமாக, சீறும் ஒலியோடு ஒரே நேராக இருக்கும். மஞ்சள் நுனியோடு ஆடினால் பர்னரில் தூசியோ சிலந்தி வலையோ இருக்கிறது. சிலந்திக்குக் கேஸ் வாசனை பிடிக்கும் போல. ஆற வைத்து, காற்று ஊதிச் சுத்தம் செய்யுங்கள். கீழே கிளம்பும் முந்தின நாளே மின்சாரத்தில் ஃபிரிட்ஜைக் குளிர வைத்து, குளிர்ந்த சாமானையே உள்ளே வையுங்கள். 40 டிகிரி வெயிலில் இந்த வகை ஃபிரிட்ஜ் புதிதாகக் குளிர ஒரு நாள் முழுக்க முக்கிக்கொண்டிருக்கும்.

இரவில் ஹீட்டர் ஓடுவது கேஸில்தான், ஆனால் அதன் விசிறிக்கு 8 ஆம்பியர் போகும். பத்து மணி நேர இரவில் பாதி நேரம் ஓடினாலே 40 ஆம்பியர்-மணி. விளக்கு, பம்ப், கேஸ் அலாரம், ஃபிரிட்ஜின் கட்டுப்பாட்டு மின்பலகை எல்லாம் சேர்த்து இன்னொரு 20. ஒரே ஒரு 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியில் பாதிதான் பயன்படுத்தத் தக்கது, அதாவது 50. விடியற்காலை நான்கு மணிக்குக் குளிரில் விழிப்பு வரும். விசிறி ஓடும், நெருப்பு பற்றாது. ஹீட்டர் கெட்டுவிட்டது என்று அதைக் கழற்ற ஆரம்பிப்பார்கள். ஹீட்டருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மின்னழுத்தம் குறைந்ததால் விசிறி மெதுவாகச் சுற்றுகிறது, காற்று வேகத்தை உணரும் சின்னத் தகடு மேலே எழவில்லை, அதனால் கேஸ் வால்வு திறக்கவில்லை. வண்டி எஞ்சினைப் போட்டுச் சற்று சார்ஜ் ஏற்றினால் எரியும். 6 வோல்ட் கோல்ஃப் வண்டி பேட்டரி இரண்டை வரிசையாக இணைத்தால் சுமார் 220 ஆம்பியர்-மணி கிடைக்கும். அது ஓர் இரவுக்குத் தாராளம்.

200 வாட் சூரியத் தகடு திறந்த வெளியில் நாளுக்கு 60 ஆம்பியர்-மணி வரை தரும். ஆனால் கோடைத் தளங்கள் பைன் நிழலில் இருக்கின்றன. நீளமான வயரோடு கழற்றி வைக்கும் தகடு என்றால் வெயிலைத் தேடி நகர்த்தலாம். ஜெனரேட்டர் 1,000 அடிக்கு 3.5 சதவீதம் சக்தி இழக்கும். 1,600 வாட் தரக்கூடியது 8,000 அடியில் 1,150 வாட்டோடு நின்றுவிடும். அதில் கூரை ஏசி கிளம்பாது, அங்கே ஏசி தேவையும் படாது.

20 பவுண்டு புரொப்பேன் சிலிண்டர், 30,000 பிடியு (BTU, வெப்ப அளவு) ஹீட்டரை இடைவிடாமல் ஓட்டினால் 14 மணி நேரம். பாதி நேரம் ஓடினால் மூன்று இரவுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு சிலிண்டர் வையுங்கள்.

சமையலுக்கு ஒரே வார்த்தை: குக்கர். 8,000 அடியில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் அரிசி குழையாது, பருப்பு கல்லாகக் கிடக்கும், கேஸ் தீரும். குக்கரில் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு விசில் கூட விடுங்கள்.

நெருப்பு

மே, ஜூனில் காடு பஞ்சு மாதிரி காய்ந்திருக்கும். முதல் கட்டத் தடை வந்தால் தளத்தில் அமைத்திருக்கும் இரும்பு வளையத்தில் மட்டும் நெருப்பு மூட்டலாம். இரண்டாம் கட்டத்தில் விறகு, கரி எதுவும் கூடாது. அணைக்கும் வால்வு உள்ள கேஸ் அடுப்பு மட்டும். நிலைமை மோசமானால் காட்டையே மூடிவிடுவார்கள். கிளம்பும் அன்று காலையில் கொரோனாடோ காட்டின் இணையதளத்தைப் பாருங்கள். சூடான சைலன்சரோடு உயரமான காய்ந்த புல்லின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள்.

அணைக்கும்போது தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையைச் சாம்பலுக்கு அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் அணையவில்லை. மண் போட்டு மூடினால் அடியில் கங்கு கனன்றுகொண்டே இருக்கும்.

மவுண்ட் லெமன் மலையில் 2003-ல் ஆஸ்பென் தீ, 2020-ல் பிக்ஹார்ன் தீ என்று இரண்டு பெரிய தீ. எரிந்த இடத்தில் பட்டுப்போன மரங்கள் நின்றுகொண்டே இருக்கும், காற்றடித்தால் விழும். கூடாரம் போடுமுன் மேலே அண்ணாந்து பாருங்கள்.

வாஷ்

மணல் பரந்த, தட்டையான, நிழலான இடம் ஒன்று கண்ணில் பட்டால் சந்தேகப்படுங்கள். அது ‘வாஷ்’, வறண்ட காட்டாறு. இரு கரையிலும் புதர்க் கிளைகளில் காய்ந்த சருகும் குச்சியும் சிக்கியிருக்கும். அது எந்த உயரத்தில் சிக்கியிருக்கிறதோ, அந்த உயரத்துக்கு வெள்ளம் வந்திருக்கிறது என்று பொருள். தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே பத்து மைல் தள்ளி மலையில் பெய்த மழை வந்து அடித்துக்கொண்டு போகும். எரிந்த சரிவுக்குக் கீழே இன்னும் வேகம். சாலையைக் குறுக்கே கடக்கும் வெள்ளத்தில், தடுப்பைத் தாண்டி வண்டியை இறக்கி மாட்டிக்கொண்டால், மீட்புச் செலவை உங்களிடமே வசூலிக்க அரிசோனாவில் சட்டம் இருக்கிறது. அதற்கு மக்கள் வைத்த பெயர் ‘முட்டாள் ஓட்டுநர் சட்டம்’. பெரும்பாலும் ஒரு மணி நேரம் இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் வடிந்துவிடும், காத்திருங்கள்.

உயிரினங்கள்

இங்கே கருங்கரடி உண்டு. சாப்பாடு, குப்பை, பற்பசை, எண்ணெய் தேய்த்த தோசைக்கல் எதுவும் கூடாரத்தில் இரவு இருக்கக் கூடாது. இரும்புப் பெட்டி வைத்திருந்தால் அதில், இல்லையென்றால் வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு. தாழ்வான இடங்களில் தேள் உண்டு. புற ஊதா டார்ச் அடித்தால் பச்சையாக ஒளிரும். காலையில் ஷூவை உதறிவிட்டுப் போடுங்கள். ராட்டில் பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, கட்டுவது எதுவும் வேண்டாம். மோதிரம் வளையலைக் கழற்றி நேரே மருத்துவமனை. விஷ உதவி எண் 1-800-222-1222.

வண்டிக்கு எதிரி பேக்ராட் என்ற எலி. ஒரே இரவில் பானெட்டுக்கு அடியில் கூடு கட்டி வயரைக் கடித்துவிடும். இருட்டான, கதகதப்பான இடம்தான் அதற்கு வேண்டும். இந்த ஊர்க்காரர்கள் இரவில் பானெட்டைத் திறந்து வைத்து, உள்ளே ஒரு சின்ன விளக்கும் தொங்க விடுவார்கள். காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

இறங்குவது

ஏறும்போது எஞ்சின் சூடாகும், இறங்கும்போது பிரேக். பள்ளம் ஆரம்பிக்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். ஏறும்போது எந்த கியரில் ஏறினீர்களோ ஏறத்தாழ அதே கியர். பிரேக்கில் காலை வைத்தபடியே வராதீர்கள். வேகம் கூடியதும் அழுத்தமாக ஒருமுறை பிடித்து, மணிக்கு பத்து கிலோமீட்டர் குறைத்து, காலை எடுத்துவிடுங்கள். மறுபடி கூடினால் மறுபடி. கருகிய வாசனை வந்தாலோ மிதி மெத்தென்று இறங்கினாலோ ஒதுங்கும் இடத்தில் நிறுத்தி அரை மணி நேரம் ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் வளையும். நிறுத்தியதும் நான்கு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடாமல். ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் அதிகமாக அடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங் போகிறது. டிரெய்லர் சக்கரங்கள் எல்லாமே குளிர்ந்திருந்தால் டிரெய்லர் பிரேக் வேலையே செய்யவில்லை, இழுக்கும் வண்டிதான் அத்தனை பாரத்தையும் தாங்கி வந்திருக்கிறது. கட்டுப்பாட்டுப் பெட்டியின் வயரையும் இணைப்பு பிளக்கையும் பார்த்துச் சரிசெய்த பிறகே மீதி மலையை இறங்குங்கள்.